முட்டுக்காடு வரை ஒரு பயணம்

சென்னையிலிருந்து புகைவண்டியில் தெற்கே வருவோரை முதலில் வரவேற்பது செங்கற்பட்டு நகரமன்று; அதன் ஏரி. கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு இருப்புப் பாதையை ஒட்டி நெடுந்தூரம் உடன் வரும். செங்கழுநீர்ப் பூக்கள் மிகுந்திருந்ததால் செங்கழுநீர்ப்பட்டு என வழங்கிய பெயரே செங்கற்பட்டு ஆயிற்று என்பர். 2002ஆம் ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாகவும், 2019ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவும் ஆனபின், இந்தப் பழைய ஊருக்குப் புதிய பெருமைகள் வந்து சேர்ந்தன. ஏரி மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்கு நான் பலமுறை சென்றதுண்டு. வெளியூர் விருந்தினர் வந்தால் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சென்ற தை மாதத்தில் மேற்கொண்ட பயணமோ வேறு வகையானது. உடன் வந்தவர்கள் இருவர். ஒருத்தி என் தங்கை மகள். மற்றவன் அவளுடைய எட்டு வயது மகன். அவனுக்கு நடக்க வராது. துணையின்றி உட்காரவும் வராது. பேச்சு சில ஒலிகளாக மட்டுமே வெளிவரும். ஆனால் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். ‘ஆம்’ என்பதற்கு விழிகளை மேலே உயர்த்துவான். ‘இல்லை’ என்றால் கண்களை மூடிக்கொள்வான். இந்த இரண்டு விடைகளைக் கொண்டே அவனும் அவன் தாயும் நாள் முழுதும் உரையாடிக்கொண்டிருப்பார்கள்.

மூளை முடக்குவாதம் என்று மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். வளர்ந்துவரும் மூளையில், குழந்தை பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பால் உடலின் அசைவும் நிலையும் குலைகின்றன. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கவனிக்கப்படாத கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இது நேர்கிறது. எந்த நாடும், எந்தச் சமயமும் இதற்கு விலக்கன்று. இது தொற்றுவதில்லை, யாருடைய பாவத்தின் விளைவும் அன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால் அது முற்றிலும் நீங்குவதும் இல்லை. இவ்விரண்டாவது உண்மையை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ள ஏழாண்டுகள் ஆயின.

அதில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாகியும் பிள்ளைக்குத் தலை நிற்காதபோது, “சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், பொறு” என்று சொன்னவன் நான். பின்னர் ஒரு மருத்துவர் உண்மையை உள்ளபடி சொன்னபோது, அவரைவிடப் பெரிய மருத்துவரைத் தேடச் சொன்னவனும் நானே. எண்ணெய் தேய்ப்பவர், நரம்பு தட்டுபவர், ஊசி மருந்தால் ஆறு மாதத்தில் நடக்கவைப்பதாக விளம்பரம் செய்தவர் என ஒவ்வொரு விலாசமாகக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளுடைய வளையல்கள் போயின. செபங்களும் நேர்ச்சைகளும் நடந்தன. அவற்றைக் குறை கூற மாட்டேன், அவை அவளைத் தாங்கி நிறுத்தின. ஆனால் ஏழாண்டுகளும் பிள்ளை எப்போது நடப்பான் என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், இன்று அவன் எப்படி உண்கிறான், எங்கே உட்காருகிறான் என்று கேட்கவேயில்லை. சென்ற ஆவணியில் குடும்பத்தில் ஒரு திருமணம். “கூட்டத்தில் பையனுக்குச் சிரமம், வீட்டிலேயே விட்டு வாயேன்” என்றேன். சிரமம் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. திருமணத்துக்கு அவளும் வரவில்லை.

செங்கற்பட்டின் ஓரத்தில் திருமணி என்னும் இடத்தில் பழைய தொழுநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய அதனை 1955இல் மத்திய அரசு ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக்கியது. நோயாளிகளை ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையில் மறைத்து வைத்த காலம் ஒன்று இருந்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை எத்தனை கொடுமை என்று நாம் இன்று பேசுகிறோம். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஊருக்கு வெளியே இடம் தேடவில்லை. பின்கட்டு அறை போதுமானதாயிருந்தது.

அன்று விடியுமுன்னரே வாடகைக் காரில் புறப்பட்டோம். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பேருந்தின் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை, இருபது கிலோ எடையுள்ள பிள்ளையை இடுப்பில் வைத்து ஏறுகிற தாய்தான் அறிவாள். திருக்கழுக்குன்றத்தை அடைந்தபோது வேதகிரி மலையின் உச்சியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நாள்தோறும் நண்பகலில் இரு கழுகுகள் வந்து உணவருந்திச் சென்ற அந்த மலைக்குப் பல ஆண்டுகளாக அவை வருவதில்லை. மேலே செல்ல ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். தெய்வத்தை உயரத்தில் வைப்பதில் எல்லாச் சமயத்தாரும் ஒன்றுபட்டிருக்கிறோம். நமது பரங்கிமலைக்கும் படிகளே பழைய வழி. நல்லவேளையாக அங்கே பின்னாளில் வண்டிப் பாதையும் வந்தது.

மாமல்லபுரத்தைத் திரும்பும்போது பார்க்கலாம் எனக் கடந்து, கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். வலப்புறம் சவுக்குத் தோப்புகளின் இடையே கடல் தோன்றித் தோன்றி மறைந்தது. பையன் ஒவ்வொரு முறையும் ஒலியெழுப்பினான். கோவளத்தில், ஜான் டி மான்டே என்னும் வணிகர் கட்டுவித்த கார்மேல் அன்னை ஆலயத்தைச் சாலையிலிருந்தே வணங்கிவிட்டுச் சென்றோம். 1821இல் மறைந்த அவருடைய கல்லறையும் அங்கேதான் உள்ளது. சிறிது தொலைவில் கடலும் உப்பங்கழியும் சந்திக்கும் முட்டுக்காடு. பலர் இவ்வூரைப் படகு விடும் இடமாக மட்டுமே அறிவர். பல்வகைக் குறைபாடுடையோரின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பெற்றது என்பதை இக்கடற்கரையில் வாழும் நம்மவர் பலர் அறியார். செங்கற்பட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். நான் எத்தனையோ விருந்தினருடன் அதன் வாயிலைக் கடந்து போயிருக்கிறேன்.

அன்று காத்திருந்த கூடத்தில் எங்களைப் போன்றோர் பலர் இருந்தனர். ஒரு தந்தை தம் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாட்டி கைப்பையிலிருந்து துணி எடுத்துப் பேரனின் வாய்நீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் ஒருவரையும் வெறித்துப் பார்க்கவில்லை. என் தங்கை மகள் சொன்னாள், எட்டாண்டுகளில் இப்படி ஒரு கூட்டத்தில் தான் உட்கார்ந்தது இதுவே முதல் முறை என்று.

இயன்முறைச் சிகிச்சை, அன்றாடச் செயல்களுக்கான செயல்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, சாய்வுக் கருவிகளும் காலணிகளும் செய்துதரும் பிரிவு ஆகிய அனைத்தும் அங்கே ஒரே வளாகத்தில் உள்ளன. மிகச் சிறு குழந்தைகளுக்கான முற்கால இடையீட்டு மையம் 2021 முதல் இயங்குகிறது. முதல் இரண்டு மூன்றாண்டுகளில் மூளை விரைந்து கற்கும் என்பதால் அது மிகத் தேவையான பணி. எங்களுக்கு அந்த ஆண்டுகள் போய்விட்டன.

ஆனால் நான் இங்கு எழுத விரும்புவது கட்டடங்களைப் பற்றியன்று. பயிற்சியளிக்கும் அம்மையார் ஒருவர் கேட்ட கேள்விகளைப் பற்றியே. பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறான்? எந்தப் பக்கம் படுக்கிறான்? ஒரு வேளை உணவுக்கு எவ்வளவு நேரமாகிறது? குளிப்பாட்டும்போது எங்கே உட்கார வைக்கிறீர்கள்? மலம் கழிக்க எங்கே? அவனை யார் தூக்குகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை? உங்களுக்கு முதுகு வலிக்கிறதா? கடைசிக் கேள்விக்கு அவள் விடை சொல்லவில்லை, அழுதாள். அதுவரை நாங்கள் சந்தித்த எவரும், நான் உட்பட, அவளுடைய முதுகைப் பற்றிக் கேட்டதில்லை.

ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம். மூன்று வேளைக்கு மூன்று மணி. குளியல், உடை, கழிவறை, இடையிடையே தூக்கி மாற்றிப் படுக்க வைத்தல், இரவில் இருமுறை எழுந்து திருப்பிவிடுதல். அம்மையார் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினார். ஒரு முழுநேர வேலைக்கு மேலாகவே வந்தது. ஞாயிறு விடுமுறையும் இல்லை, கூலியும் இல்லை. பிள்ளை வளர வளர எடை கூடும். தூக்குபவளுக்கோ வயது கூடும். பன்னிரண்டு வயதில் அவனை யார் தூக்குவது? அதற்கான விடையை எட்டு வயதிலேயே தேடத் தொடங்க வேண்டும் என்றார் அவர்.

முதலில் உட்காருவது. எங்கள் பிள்ளை பகலெல்லாம் பாயில் மல்லாந்து படுத்தே வளர்ந்தவன். படுத்திருப்பவன் காண்பது கூரையை. உட்கார்ந்திருப்பவன் காண்பது மனிதரை. இந்த வேறுபாடு இத்தனை எளிதாயிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. விறைப்பான கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் பிள்ளையைச் சாதாரண நாற்காலியில் வைத்தால் முன்னால் வழுக்கி விழுவான். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கி, பாதங்கள் பலகையில் ஊன்றி, தொடைகளுக்கு நடுவே ஒரு சிறு கட்டை கால்களைப் பிரித்து வைத்தால், விறைப்பு தளர்ந்து தலை நிமிர்கிறது, கைகளும் விடுபடுகின்றன. உட்காரத் தெரிந்த பிறகு கையைப் பயன்படுத்தலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல நாற்காலி ஒன்று உட்காரும் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டால், பிள்ளையின் முயற்சி முழுதும் கைக்கும் கண்ணுக்கும் போகும்.

இதற்கு வெளிநாட்டுக் கருவி தேவையில்லை. சிம்பாப்வே நாட்டில் பெவில் பாக்கர் என்னும் ஆசிரியர், பழைய அட்டைப் பெட்டிகளையும் காகிதத்தையும் கூழ்ப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, பிள்ளையைத் தாங்கும் வலிமையுள்ள நாற்காலிகளைச் செய்யக் கற்பித்தார். டேவிட் வெர்னர் என்பவர் மெக்சிகோ நாட்டு மலைக் கிராமங்களின் அனுபவத்திலிருந்து 1987இல் வெளியிட்ட பெரிய நூலில், மரத்துண்டுகள், பழைய டயர், மண் ஆகியவற்றைக் கொண்டு செய்யக்கூடிய துணைக்கருவிகளின் படங்கள் நிறைந்துள்ளன. நம் ஊர்த் தச்சர்களுக்கு இது பெரிய காரியமா?

மற்றவையும் அவ்வாறே எளியவை. கரண்டியின் காம்பில் துணியையோ பழைய சைக்கிள் டியூபையோ தடிமனாகச் சுற்றினால் இறுகிய விரல்களுக்குப் பிடி கிடைக்கும். சட்டை போடும்போது அதிகம் விறைத்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதனைக் கடைசியில் எடுக்க வேண்டும். நடுவில் துளையிட்ட சிறு நாற்காலி ஒன்று கழிவறைத் துன்பத்தில் பாதியைக் குறைக்கும். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை உடலோடு அணைத்து எழ வேண்டும். எதுவும் செய்யுமுன் அவனிடம் சொல்ல வேண்டும்: “இப்போது சட்டை போடப் போகிறோம்.” அவன் தோளைச் சிறிது முன்னே தந்தால் அதுவே அவனுடைய பங்கு. அந்தப் பங்கைச் செய்ய அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். நாம் அவசரப்பட்டு எல்லாவற்றையும் செய்துவிடுவது அன்பினால்தான். ஆனால் அவன் செய்திருக்கக்கூடிய சிறு செயலை நாம் பறித்துக்கொள்கிறோம்.

மருத்துவ உலகமும் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. தாமே வளைந்த பாதத்துடன் வளர்ந்த வில்லியம் லிட்டில் என்னும் இலண்டன் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலையை விவரித்து எழுதினார். நெடுங்காலம் ‘லிட்டில் நோய்’ என்றே இது வழங்கியது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, வளைந்ததை நிமிர்த்துவதே குறிக்கோளாயிருந்தது. நடையின் தரத்தையன்றி, பிள்ளை தன் ஊரில், தன் வீட்டில் எவ்வாறு இயங்குகிறான் என்பதை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் வகுத்தனர். அதே குழுவைச் சேர்ந்த ரோசன்பாம், கோர்ட்டர் ஆகிய மருத்துவர்கள் பின்னாளில் ஆறு சொற்களைப் பெற்றோர் முன் வைத்தனர்: செயல், குடும்பம், உடலுறுதி, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். இவற்றுள் ‘மகிழ்ச்சி’ என்பதைப் பயிற்சி அம்மையார் சொன்னபோது, பையன் கடைசியாக எப்போது வெளியே போனான் என்றும் கேட்டார். நானும் என் தங்கை மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மருத்துவமனைகளைத் தவிர அவன் எங்கும் போனதில்லை.

நம் நாட்டில் இப்பணி தாய்மாரிடமிருந்து பிறந்தது. மும்பையைச் சேர்ந்த மிது ஆலூர் அம்மையாருக்கு 1966இல் பிறந்த மகள் மாலினி சிப் இந்நிலையுடன் பிறந்தவர். மகளுக்கு ஏற்ற பள்ளி இந்தியாவில் இல்லாததால், 1972இல் அம்மையாரே ஒன்றைத் தொடங்கினார். சென்னையில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் 1981இல் தோன்றியது. பூனம் நடராஜன் அம்மையார் 1985இல் தொடங்கிய நிறுவனம் வித்யாசாகர் என்னும் பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கிவருகிறது. மாலினி சிப் மும்பை புனித சவேரியார் கல்லூரியில் பயின்று, இலண்டனில் முதுகலைப் பட்டங்கள் பெற்று, சிறுவிரல் ஒன்றினால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் பட்டம் பெறுவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேசாத வாய்க்குப் பின்னே என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சட்டங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இப்பிள்ளைகளுக்கென்றே வந்தது. பதினெட்டு வயதுக்குப் பின் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு ஓராண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2000 ரூபாய். முதலில் தேவைப்படுவது அடையாள அட்டை. அதை வாங்காமல் இருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலேயே உள்ளன. வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி நாங்களும் நான்காண்டு வாங்காமல் இருந்தோம். ஊருக்குத் தெரியாததாக நாங்கள் நினைத்தது வேடிக்கை.

பிற்பகலில் மாமல்லபுரம் திரும்பினோம். சாலையோர உணவகம் ஒன்றில் இட்டிலி வாங்கி, சாம்பாரில் குழைத்து, “நீ சாப்பிடு, நான் ஊட்டுகிறேன்” என்று கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். எட்டாண்டுகளில் அவனுக்கு நான் ஊட்டியதில்லை. எல்லாரும் செய்வதுபோல் அவன் தலையைப் பின்னே சாய்த்து, வாயில் இட்டேன். உணவு மூச்சுக் குழலுக்குள் சென்று, அவன் முகம் சிவந்து, கண்கள் பிதுங்கி இருமினான். உணவகத்தில் இருந்தோர் அனைவரும் திரும்பினர். அவள் பதறாமல் அவனை முன்னே குனியவைத்து, இருமி முடிக்க விட்டாள்.

“மாமா, தலையைப் பின்னால சாய்க்காதீங்க. கொஞ்சம் முன்னால குனிஞ்ச மாதிரி இருக்கணும்.”

பிறகு எனக்குக் கற்பித்தாள். எதிரே, அவன் கண்மட்டத்துக்குத் தாழ உட்கார வேண்டும். சிறிதளவு உணவைக் கரண்டியின் நுனியில் எடுத்து, கீழிருந்து நேராகக் கொண்டுவர வேண்டும். நாவின் நடுவில் கரண்டியை மெல்ல அழுத்தினால் நா உள்ளே செல்லும். தாடையை விரல்களால் தாங்கி உதட்டை மூட உதவ வேண்டும். அவன் விழுங்கும்வரை அடுத்த கரண்டியை எடுக்கக்கூடாது. நீரைவிடக் கூழ்போன்ற பதமே அவனுக்குப் பாதுகாப்பானது. இரண்டு இட்டிலிக்கு நாற்பது நிமிடமாயிற்று. என் கை வலித்தது. பின்னிருந்த மேசையில் ஒரு சிறுமி எழுந்து வந்து, எங்களருகில் நின்று, கடைசிவரை பார்த்தாள். அவள் தாய் அழைத்தும் போகவில்லை. “அவனுக்கு இட்டிலி பிடிக்குமா?” என்று கேட்டாள். பையன் விழிகளை உயர்த்தினான்.

அருச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறையின் முன் அவனைத் தூக்கிக் காட்டினேன். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியை நாம் வியப்போம்; அந்தப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்துவதே அதற்கு ஒப்பான தவம். அவன் சிரித்தது, தவசியைப்போல் நின்றுகொண்டிருக்கும் பூனையைக் கண்டு. பக்கத்து மண்டபத்தில், பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் சிற்பத்தின் முன் என் தங்கை மகள் சற்று நேரம் நின்றாள். எதுவும் சொல்லவில்லை.

கடற்கரையில் சக்கர நாற்காலி இருபது அடி சென்று மணலில் புதைந்துவிட்டது. சென்னை மெரினாவில், மாற்றுத்திறனாளிகள் பல்லாண்டு கேட்டு வாதாடியதன் பயனாக, 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை ஒன்று அலையோரம் வரை திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியதும், பின்பு செப்பனிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. பாதை திறந்த நாட்களில் முதன்முறை கடலைத் தொட்டோருள் நரைத்த தலையினரும் இருந்தனர். நாங்கள் நின்ற இடத்தில் பாதை இல்லை. நான் தூக்கினேன். என் வயதுக்கு அது கூடாத காரியம். முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்து எழுந்தேன்.

ஈர மணலில் கையால் குழி பறித்தாள் அவள். காலையில் கேட்ட பாடம் நினைவிருந்தது. பிள்ளையின் இடுப்பு அமரும் அளவுக்குக் குழி, முதுகுக்கு மணல் மேடு, கால்களுக்கு நடுவே ஒரு மணற்குவியல். அவனை அதில் இருத்தி, பக்கங்களில் மணலை அணைத்தோம். அவன் உட்கார்ந்தான். யாருடைய கையும் பிடிக்காமல் உட்கார்ந்தான். ஓர் அலை நுரை அவன் பாதம்வரை வந்து திரும்பியது. வாய்விட்டு அவன் சிரித்த ஒலிக்கு, வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தாமும் சிரித்தார். “இன்னொரு பெரிய அலை வருது, பாரு தம்பி” என்றார். எங்களைப் பார்த்தன்று, அவனைப் பார்த்து.

மணலில் அவனருகே அமர்ந்தபடி அவள் மெதுவாகக் கேட்டாள்: “இவனுக்குப் புதுநன்மை கொடுப்பாங்களா, மாமா? விழுங்குறது கஷ்டம்னு சொல்லி எடுக்கவே விட்டுட்டேன்.” மாற்றுத்திறனாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை யாரும் மறுக்கலாகாது என 2020ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி தெளிவாகக் கூறியுள்ளது. அப்பத்தின் சிறு துணுக்கே போதும். அதுவும் இயலாதவருக்குத் திருஇரத்தத்தின் வடிவில் மட்டும் வழங்கவும் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். ஆனால் ஆலயத்துக்குள் எப்படிக் கொண்டுசெல்வது? எங்கள் பங்கு ஆலயத்தின் முகப்பில் ஏழு படிகள். சென்ற ஆண்டு பல இலட்சம் செலவில் கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம். திட்டக் குழுவில் நானும் இருந்தேன். ஒரு சாய்தளம் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உள்ள நானே பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். இதை அச்சில் எழுதுவது, பிறகு நான் பின்வாங்காமலிருக்கவும்தான்.

எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை. ஆனால் சூரியன் சாயும் வரை அது எங்களுடனே இருந்தது. அதற்குச் சட்டத்தில் ஒரு பாதி விடை உண்டு. மறுபாதியை எழுத வேண்டியவர்கள், அவனுக்கு ஊட்டத் தெரிந்த, அவனைத் தூக்கத் தெரிந்த, அவன் கண் சொல்லும் ‘ஆம்’ எதுவென்று தெரிந்த நாலு பேர். அன்று காலைவரை அப்படித் தெரிந்தவள் உலகில் ஒருத்தி மட்டுமே. மாலையில் நாங்கள் இருவர், ஒன்றரைப் பேர் என்றாவது சொல்லலாம்.

செங்கற்பட்டு வந்துசேர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்களுக்குப் பழக்கமான தச்சரின் பட்டறையில் விளக்கெரிந்தது. பயிற்சி அம்மையார் அளந்து கொடுத்த தாளை எடுத்துக் கொடுத்தாள். இடுப்பின் அகலம் 24 சென்டிமீட்டர். இருக்கையின் ஆழம் 30. முழங்காலிலிருந்து பாதம் வரை 29. தச்சர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அங்குலத்தில் மாற்றிச் சொல்லச் சொன்னார். ஒன்பதரை, பன்னிரண்டு, பதினொன்றரை என்றேன். நடுக்கட்டை எதற்கு என்று கேட்டு, சொன்னதும் புரிந்துகொண்டார். விளிம்பை உருட்டி, மேலே பஞ்சு வைத்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார். பிறகு அவளை நோக்கி, “முன்னால பலகை வைக்கணுமா? பையன் படிக்கிறானா?” என்று கேட்டார்.

“அவனையே கேளுங்க, அண்ணா” என்றாள்.

தச்சர் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, காரின் கதவருகே வந்து குனிந்து கேட்டார். அரைத் தூக்கத்தில் இருந்தான். தலைமயிரில் மணல் ஒட்டியிருந்தது. சற்று நேரமாயிற்று. பிறகு விழிகளை மேலே உயர்த்தினான். பலகையின் அளவையும் தச்சர் தாளில் குறித்துக்கொண்டார்.